செம்பாறை நாட்டில் 12 நாள்: யூட்டா, அரிசோனா கார் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அம்மா கையை நீட்டினார். பாறைச் சுவரிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. ஸயான் தேசியப் பூங்காவின் ரிவர்சைட் நடைபாதை அது. வெளியே வெயில் கொளுத்துகிறது. இங்கே செங்குத்தான சுவரில் பெரணியும் பாசியும் தொங்குகின்றன. மேட்டில் பெய்த மழை மணற்கல்லுக்குள் ஊறி இறங்கி, அடியில் இருக்கும் இறுகிய படிவத்தில் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் கசிந்து வெளியே வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும் என்றேன். “அப்போ இது ராஜராஜன் காலத்து மழையா?” என்று கேட்டுவிட்டு, அம்மா உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் இந்தச் செம்பாறை நாட்டைப் பாலைவனம் என்கிறோம். ஆனால் இங்கே பார்க்கிற ஒவ்வொன்றையும் வெட்டியதும் செதுக்கியதும் தண்ணீர். பயணத்தைத் திட்டமிடும்போதும் அதையே முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். காரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வானத்தில் மழை இருக்கிறதா, இன்று எந்த ஆற்றின் பக்கம் போகிறோம். இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும். மூன்று முறை இந்தச் சுற்றை ஓட்டியிருக்கிறேன், ஒரு முறை வயதான பெற்றோருடன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முழுச் சுற்றும் ஒரே பார்வையில்

லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து, ஸயான், பிரைஸ் கேன்யன், யூட்டா 12-ஆம் சாலை, கேபிடல் ரீஃப், மோவாப், மானுமெண்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு என்று கடிகார முள் போகும் திசையில் சுற்றி மறுபடி வேகஸுக்கே வருகிறோம். உள்ளூர் அலைச்சலையும் சேர்த்தால் 1,300 முதல் 1,400 மைல் வரும். 12 நாள் வேண்டும்.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் மோவாபையும் அதற்குப் பின் வருபவற்றையும் விட்டுவிடுங்கள். ஸயான், பிரைஸ், 12-ஆம் சாலை, கேபிடல் ரீஃப் பார்த்துவிட்டு, டோரி என்ற ஊரிலிருந்து நெடுஞ்சாலை பிடித்து ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் வேகஸ் திரும்பிவிடலாம். ஏழு நாளில் ஏழு பூங்காவைத் தொட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். இந்த நாட்டின் அழகு பூங்கா வாசலில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை, பாதி அழகு நடுவில் இருக்கிற சாலைகளில் கிடக்கிறது.

எப்போது போகலாம்

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முடிய. என் தேர்வு அக்டோபர் முதல் இரண்டு வாரம்: வெயில் தணிந்திருக்கும், போல்டர் மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கேபிடல் ரீஃப் தோப்பில் ஆப்பிள் இருக்கும்.

கோடையில் மோவாபிலும் ஸயானிலும் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அதைவிடப் பெரிய கவலை, ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வரும் பருவமழை. பிற்பகலில் இடியோடு கொட்டும். இங்கே மண் குறைவு, பாறை அதிகம். பெய்த நீர் ஊறாமல் அப்படியே உருண்டு பள்ளத்தில் சேரும். காட்டாற்று வெள்ளம் என்று நாம் சொல்வோமே, அதுதான். ஆனால் சுவர்களுக்கு நடுவே, தப்பி ஏற இடமில்லாமல் வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் அருகே இருக்கும் குறுகிய பாறைப் பிளவான ஆண்டலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பரில் ஸயானின் ஒரு குறுகிய பிளவில் இறங்கிய ஏழு பேரும் அப்படியே போனார்கள். தலைக்கு மேலே வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. காலையில் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் போய், அன்றைய வெள்ள எச்சரிக்கை என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். ரேஞ்சர் “இன்று வேண்டாம்” என்றால் வேண்டாம்.

குளிர்காலப் பயணமும் அழகுதான், பனி படிந்த செம்பாறைக்கு ஈடு கிடையாது. ஆனால் மலைச்சாலையில் பனியில் ஓட்டிய பழக்கம் வேண்டும்.

அனுமதிச் சீட்டு, முன்பதிவு

தேசியப் பூங்காக்கள் அனைத்துக்கும் சேர்த்து ஓராண்டு பாஸ் உண்டு. 2026 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர் என்று பிரித்துவிட்டார்கள். பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவரிடம் 11 பெரிய பூங்காக்களில், 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். நம் சுற்றில் வரும் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருபவர்கள் டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் அப்போதைய விதியைப் பாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மானுமெண்ட் வேலியும் ஆண்டலோப் கேன்யனும் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அங்கே இந்தப் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். கொலராடோ ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் வண்டி நிறுத்தப் பேஜ் நகராட்சிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியவை: ஆண்டலோப் சுற்றுலா (சில மாதங்கள் முன்பே), பூங்காக்களுக்குள் இருக்கும் விடுதிகள் (முடிந்தால் ஓராண்டு முன்பே), ஸயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏற வேண்டுமென்றால் அதற்கான குலுக்கல் சீட்டு. மோவாப் அருகே இருக்கும் ஆர்ச்சஸ் பூங்காவில் 2022 முதல் சில ஆண்டுகள் கூட்டம் மிகுந்த மாதங்களில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு கேட்டார்கள். அந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார், தண்ணீர், சாப்பாடு

சாதாரண கார் போதும். நான் சொல்லும் வழியில் மோக்கி டக்வே என்ற மலைச்சாலையும் மானுமெண்ட் வேலியின் உள்சுற்றும்தான் மண் சாலை. இரண்டையும் தவிர்க்கவும் வழி உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலைக்குத் தடை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். காட்டன்வுட் கேன்யன் சாலை மாதிரியான குறுக்கு வழிகளைக் கைபேசி வரைபடம் “40 நிமிடம் மிச்சம்” என்று காட்டும். அந்தப் பக்கத்துக் களிமண் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், நான்கு சக்கரத்துக்கும் பிடி கிடைக்காது. தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். வழி முழுக்க சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை வேகஸிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலுக்கு என் கணக்கு எளிது: பாதி டேங்க் குறைந்தால் அடுத்த ஊரில் நிரப்பு. எஸ்கலான்டேயிலும் ஹேங்ஸ்விலிலும் கட்டாயம் நிரப்புங்கள். ஹேங்ஸ்விலைத் தாண்டினால் கிரீன் ரிவர் பக்கம் போகிற வரை, ஐம்பது மைலுக்கு மேல் எதுவும் கிடையாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலு பேர் என்றால் காரில் எப்போதும் குறைந்தது இரண்டு நாளுக்கானது இருக்க வேண்டும். காற்று அவ்வளவு வறண்டது, வியர்வை தோலில் நிற்காது. நனையவில்லையே என்று குடிக்காமல் இருந்துவிடுவோம். அப்பா அப்படித்தான் ஆர்ச்சஸில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அதன்பின் மணிக்கு ஒரு முறை அலாரம் வைத்து எல்லோரும் குடித்தோம். உப்புச் சத்தும் சேர வேண்டும். ஒரு பாட்டில் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் நன்றாக வேலை செய்யும்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஸயான் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல், மோவாப் இரண்டையும் விட்டால் சைவ உணவு சிரமம். சிற்றூர்களில் கடைகள் சீக்கிரம் சாத்திவிடும், ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்கவே மாட்டார்கள். நாங்கள் சின்ன ரைஸ் குக்கர், ஐந்து கிலோ பொன்னி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, அப்பளத்துக்குப் பதில் சிப்ஸ் என்று கொண்டுபோனோம். அறையில் குக்கர் வைக்கலாமா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சாதம் வடித்து, புளிக்காய்ச்சல் பிசைந்து, டப்பாவில் அடைத்துவிட்டால் மதியம் எந்தப் பாறை நிழலிலும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஐஸ் பெட்டியில் தயிர். வேறென்ன வேண்டும்.

நாள் 1, 2: ஸயான்

வேகஸிலிருந்து ஐ-15-இல் வடகிழக்காக 160 மைல். வழியில் அரிசோனாவின் ஒரு மூலையைக் கடக்கும்போது வர்ஜின் ஆற்றின் பள்ளத்துக்குள்ளேயே நெடுஞ்சாலை நுழைந்து வளைகிறது. நம் முதல் ஆறு அதுதான். யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், செக்-இன் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஸயான் 1919-இல் தேசியப் பூங்கா ஆனது. மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலான நாட்களில் உள் பள்ளத்தாக்குக்குச் சொந்தக் கார் கிடையாது, இலவசப் பேருந்துதான். காரை ஸ்பிரிங்டேல் விடுதியிலேயே விட்டுவிட்டு முதல் பேருந்தைப் பிடியுங்கள். எட்டு மணிக்குப் போனால் வரிசையில் நிற்பீர்கள், ஆறரைக்குப் போனால் ஜன்னல் இருக்கை.

கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ரிவர்சைட் நடை ஒரு மைல், சமதளம், பெரியவர்களுக்கும் ஏற்றது. அது முடிகிற இடத்தில் பாதை ஆற்றுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து நேரோஸ்: ஆறுதான் பாதை. இருபுறமும் சுவர் ஏறிக்கொண்டே போகும், காலடியில் பலாக்கொட்டை முதல் பூசணி வரை எல்லா அளவிலும் வழுக்குக் கற்கள். ஸ்பிரிங்டேல் கடைகளில் தண்ணீர்க் காலணியும் கைத்தடியும் வாடகைக்குக் கிடைக்கும். தடி இல்லாமல் இறங்க வேண்டாம். ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்காவே மூடிவிடும். நீங்கள் உள்ளே இருக்கும்போது கவனிக்க வேண்டியது வேறு: தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை பெய்துவிட்டது. புகைப்படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

நாள் 3: குகைப்பாதை வழியாக பிரைஸ்

ஸயானின் கிழக்கு வாசலுக்குப் போகும் சாலை 1930-இல் திறந்த ஒரு குகைப்பாதைக்குள் நுழைகிறது. நீளம் 1.1 மைல். உள்ளே விளக்கு கிடையாது; பாறையில் வெட்டிய சாளரங்கள் வழியே இரண்டொரு நொடி வெளிச்சம் வந்து மறையும். தங்கும் வசதியுள்ள பெரிய ஆர்.வி. வண்டிகளுக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. வெளியே வந்தால் வேறு உலகம்: செங்குத்துச் சுவர் போய், சதுரக் கட்டம் போட்டது போல் வெடித்த வெள்ளைப் பாறைமேடுகள். இவை சுமார் 18 கோடி ஆண்டுக்கு முன் மணற்குன்றுகளாக இருந்து கல்லானவை. அன்று காற்று வீசிய திசையைக்கூட சாய்ந்த வரிகளில் படிக்கலாம்.

பிரைஸ் 85 மைல் தூரம், இரண்டு மணி நேரம். பூங்காவின் விளிம்பு 8,000 முதல் 9,000 அடி உயரம், ஊட்டியைவிட அதிகம். படி ஏறினாலே மூச்சு வாங்கும். மே மாதத்திலும் விடியற்காலை உறைகுளிர் இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

நாள் 4: ஹூடூக்களுக்கு நடுவே விடியல்

சூரியன் உதிக்க அரை மணி முன்பே பிரைஸ் பாயிண்டில் நில்லுங்கள். கீழே ஆயிரக்கணக்கான கல்தூண்கள், ஹூடூ என்பார்கள். முதல் கதிர் பட்டதும் ஒவ்வொன்றாக உள்ளிருந்து எரிவது போலச் சிவக்கும். பெயரில் கேன்யன் என்று இருந்தாலும் இது ஓர் ஆறு அறுத்த பள்ளம் அல்ல. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் இங்கே பகலில் பனி உருகி, வெடிப்பில் புகுந்து, இரவில் உறைகிறது. உறைந்த நீர் பருத்துப் பாறையைப் பிளக்கிறது. இதுவும் தண்ணீரின் வேலைதான்.

குவீன்ஸ் கார்டன் வழியே இறங்கி நவஹோ லூப் வழியே ஏறினால் மூன்று மைல். இந்தச் சுற்றில் ஒரே ஒரு நடைதான் போக முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மதியத்துக்கு மேல் 12-ஆம் சாலையில் 48 மைல் ஓட்டி எஸ்கலான்டேயில் தங்குங்கள். பிரைஸிலிருந்து ஒரே மூச்சில் டோரி போகச் சொல்லும் திட்டங்களை நம்பாதீர்கள். அடுத்த நாள் சாலைக்கு முழு வெளிச்சம் வேண்டும்.

நாள் 5: 12-ஆம் சாலை

எஸ்கலான்டேயிலிருந்து டோரி வெறும் 66 மைல். அதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். நான் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்த 66 மைலுக்காக.

ஊரைத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹெட் ஆஃப் தி ராக்ஸ் என்ற பார்வையிடம் வரும். காரை நிறுத்தி இறங்குங்கள். அதுவரை மண் மேடாக இருந்த நிலம் அங்கே சட்டென்று முடிந்து, வெளிறிய பாறை அலை அலையாக அடிவானம் வரைக்கும் விரிகிறது, நடுவில் ஒரு நூல் மாதிரி நீங்கள் போகப்போகும் சாலை. அது வளைந்து இறங்கி எஸ்கலான்டே ஆற்றைக் கடக்கும். இந்த ஆற்றுக்கு 1872-இல்தான் பெயரே வைத்தார்கள். அமெரிக்காவின் பிரதான நிலப்பரப்பில் கடைசியாக வரைபடம் ஏறிய ஆறு என்பார்கள்.

அடுத்து காஃப் கிரீக். அங்கே இருந்து அருவிக்கு நடந்து திரும்ப ஆறு மைல், மணலில் கால் புதையும், நிழல் குறைவு. ஆனால் முடிவில் 126 அடி உயரத்திலிருந்து நீர் விழுகிறது, பாறை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக நிறம். காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்கினால் பதினோரு மணிக்கு காருக்குத் திரும்பிவிடலாம்.

பிறகு சாலை ஏறுகிறது, ஹாக்பேக் வருகிறது. மலைமுகட்டின் முதுகெலும்பு மேலேயே தார் போட்டிருக்கிறார்கள். வலது பக்கம் பள்ளம், இடது பக்கமும் பள்ளம், ஓரத்தில் தடுப்பு இல்லை. அப்பா கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டார். மெதுவாகப் போங்கள். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் அடுத்த ஒதுக்கிடத்தில் வழிவிடுங்கள். ஓட்டுநர் பள்ளத்தைப் பார்க்காமல் மஞ்சள் கோட்டைப் பார்க்க வேண்டும்; காட்சி வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். இருட்டிய பிறகு இந்தப் பகுதியை ஓட்டவே ஓட்டாதீர்கள். கால்நடைகள் சாலையில் படுத்திருக்கும்.

ஹாக்பேக் முடிந்ததும் போல்டர் என்ற சிற்றூர். 1930-கள் வரை இங்கே தபால் கோவேறு கழுதை முதுகில்தான் வந்தது. பெருமந்த காலத்தில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசு சாலை போட்டதால்தான் ஊர் வெளியுலகத்தோடு சேர்ந்தது. போல்டரிலிருந்து டோரிக்கு மலைமேல் போகும் பகுதி 1985-இல்தான் தார் கண்டது. 9,600 அடி வரை ஏறும். ஹோம்ஸ்டெட், லார்ப் ஹாலோ பார்வையிடங்களில் நில்லுங்கள். கீழே கிழக்கே பூமி மடிப்பு விழுந்த துணி போலக் கிடக்கும். நாளைக்கு அதற்குள்தான் போகிறோம்.

நாள் 6: கேபிடல் ரீஃப், பிறகு மோவாப்

அந்த மடிப்புக்கு வாட்டர்பாக்கெட் ஃபோல்டு என்று பெயர், ஏறத்தாழ 100 மைல் நீளம். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்குவதால் வந்த பெயர். மடிப்புக்கு நடுவே ஃப்ரீமான்ட் ஆற்றங்கரையில் 1880-களில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் பழத்தோட்டம் போட்டார்கள். ஊர் காலியாகிவிட்டது, மரங்கள் இருக்கின்றன, பூங்காத் துறை பராமரிக்கிறது. ஜூன், ஜூலையில் செர்ரியும் ஆப்ரிகாட்டும், ஆகஸ்டில் பீச், செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிள். திறந்திருக்கும் தோப்பில் பலகை வைத்திருப்பார்கள். உள்ளே நின்று தின்பதற்குக் காசில்லை; பறித்துக்கொண்டு போவதற்கு எடை போட்டு நீங்களே பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். சாலையோரச் சுவரில் அவர்களுக்கும் பல நூற்றாண்டு முந்தைய ஃப்ரீமான்ட் பூர்வகுடி மக்களின் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. தொடாதீர்கள், கை எண்ணெயே அவற்றை அழித்துவிடும்.

மோவாப் 155 மைல். ஹேங்ஸ்வில் வருவதற்கு முன் சாம்பல் மேடுகள் நிலாத்தரை போல வரும்.

நாள் 7, 8: மோவாப்

ஆர்ச்சஸில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் இருக்கின்றன. அடியில் பழங்கடல் விட்டுச்சென்ற உப்புப் படுகை நகர்ந்து மேலிருந்த பாறையை வெடிக்க வைத்தது, வெடிப்பில் நீர் வேலை செய்தது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அகலம் 306 அடி. 1991-இல் அதன் அடியிலிருந்து 60 அடி நீளப் பாளம் விழுந்தபின், கீழே யாரையும் விடுவதில்லை. டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர மூன்று மைல், 480 அடி ஏற்றம், வெற்றுப் பாறை, நிழலே கிடையாது. பிற்பகலில் கிளம்பி மாலை வெயிலில் பாருங்கள். இறங்க டார்ச் வேண்டும்.

பாதையை விட்டு மணலில் இறங்காதீர்கள். கறுத்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும் மண் மேலோடு உயிருள்ளது. நுண்பாசிகளும் பூஞ்சைகளும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒரு மிதி பட்டால் மீண்டும் வளரப் பல பத்தாண்டு ஆகலாம்.

கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவுக்கு மறுநாள். ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி போதும். மேடு முழுவதும் வறட்சி, தண்ணீரை மோவாபிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிராண்ட் வியூ பாயிண்டில் நின்றால் கிரீன் ஆறும் கொலராடோ ஆறும் அறுத்த நாடு முழுக்கக் கீழே கிடக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல், 1869-இல் மரப்படகுகளில் இந்த ஆறுகள் வழியே கிராண்ட் கேன்யன் வரை போனார். இனி நாமும் கொலராடோவின் போக்கிலேயே தெற்கே போகிறோம்.

நாள் 9: மானுமெண்ட் வேலி

யு.எஸ். 191-இல் 100 மைல் தெற்கே புளஃப். அங்கிருந்து மெக்சிகன் ஹேட் பக்கம் போகும்போது கூஸ்நெக்ஸில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆயிரம் அடி ஆழத்தில் சான் ஹுவான் ஆறு பாம்பாக வளைகிறது. மண் சாலைக்கு மனமிருந்தால் மோக்கி டக்வே: 1950-களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக வெட்டிய, மூன்று மைலில் ஆயிரத்துச் சொச்சம் அடி ஏறும் கொண்டை ஊசிச் சாலை. மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மானுமெண்ட் வேலி 1958 முதல் நவஹோ மக்கள் நடத்தும் பூங்கா. 17 மைல் மண் சுற்றைச் சொந்தக் காரில் ஓட்டலாம். ஆனால் நவஹோ வழிகாட்டியின் வண்டியில் போவதே மேல். கார் தப்பிக்கும், பணம் அவர்கள் கைக்குப் போகும், வெளியார் நுழைய முடியாத பகுதிகளையும் காண்பிப்பார்கள். இங்கே பலர் இன்னும் குடியிருக்கிறார்கள். கேட்காமல் ஆட்களையோ வீடுகளையோ படம் எடுக்காதீர்கள். மது இந்த நிலத்தில் சட்டப்படி கூடாது. வழியில் பிக்கப் வண்டிகளின் பின்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளைப் பார்ப்பீர்கள். குழாய் வராத வீடுகள் இன்றும் ஏராளம், தண்ணீரைத் தொலைவிலிருந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். விடுதியில் குளிக்கும்போது அதை நினைத்துக்கொள்வோம்.

நாள் 10: பேஜ்

கயெண்டா வழியாக 125 மைல். மார்ச் முதல் நவம்பர் வரை ஒரு சிக்கல்: அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நிலம் மாற்றுகிறது. பேஜ் நகரம் யூட்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும், கைபேசி இரண்டு பக்கக் கோபுரத்தையும் பிடித்துக் குழம்பும். ஆண்டலோப் சீட்டில் இருப்பது எந்த நேரம் என்று அவர்களிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆண்டலோப்புக்கு நவஹோ வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. மேல் கேன்யனின் தரை சமதளம், கீழ்க் கேன்யனைவிடப் பெரியவர்களுக்கு எளிது. கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. ஹார்ஸ்ஷூ பெண்டை மாலையில் பார்த்துக்கொள்ளுங்கள். 1963-இல் அடைத்த கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நீர் இறங்கிய உயரத்துக்குப் பாறையில் வெள்ளைப் பட்டை படிந்திருக்கிறது. வறட்சியை அளக்க வேறு கருவி தேவைப்படாது.

நாள் 11: கிராண்ட் கேன்யன்

யு.எஸ். 89-இல் இறங்கி, கேமரூனில் மேற்கே திரும்பி, கிழக்கு வாசலான டெசர்ட் வியூவில் நுழையுங்கள். கூட்டம் குறைவு, 1932-இல் மேரி கோல்ட்டர் கட்டிய கற்கோபுரத்திலிருந்து ஆறும் தெரியும்.

இந்த இடத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பிரைஸின் அடிப்பாறை ஸயானின் உச்சிப்பாறை, ஸயானின் அடி கிராண்ட் கேன்யனின் உச்சி. பிரைஸில் பார்த்த இளஞ்சிவப்புக்கு வயது ஐந்து கோடி ஆண்டு அளவில். இங்கே ஆற்றங்கரையில் கிடக்கும் கறுப்புப் பாறைக்கு 170 கோடிக்கும் மேல். பத்து நாளாகக் காலத்தின் படிக்கட்டில் இறங்கி வந்திருக்கிறோம். அந்தக் கறுப்புப் பாறையின் பெயர் விஷ்ணு. 1880-களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் பள்ளத்துக்குள் எழும் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டார். அம்மா வரைபடத்தில் சிவன் கோயிலைத் தேடிப்பிடித்து, அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏற முயலாதீர்கள். இறங்குவது எளிது, ஏறுவது இரண்டு மடங்கு நேரம், கீழே வெப்பமும் மிக அதிகம்.

நாள் 12: திரும்புதல்

வேகஸுக்கு 280 மைல், நாலரை மணி நேரம். ஹூவர் அணைக்கு முன்னால் 2010-இல் திறந்த உயர்பாலம் கொலராடோவை 890 அடி உயரத்தில் கடக்கிறது. காரிலிருந்து ஆறு தெரியாது. அணைப் பக்கம் நிறுத்திவிட்டு நடைபாதையில் ஏறினால் தெரியும். மோவாபில் செம்மண் நிறத்தில் ஓடிய அதே ஆறு, மண்ணையெல்லாம் வழியில் உள்ள தேக்கங்களில் படியவிட்டு, இங்கே பச்சையாக ஓடுகிறது. வேகஸ் பகுதியின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது.

கார் திருப்பிக் கொடுக்கும் முன் பாய்களைத் தட்டிவிடுங்கள், செந்தூள் நிறைய இருக்கும். அன்றிரவு விடுதிக் குளியலறையில் அம்மா எல்லோருடைய காலணிகளையும் கழுவினார். தொட்டி சிவந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.